பறித்தவர் வயிறு

நெடுங்குளத்தில் பஞ்சாலை மூடிய ஐந்தாவது வருடம், ஆலைக்குப் பின்னால் ஒருகாலத்தில் பஞ்சுப் பொதிகளை அடுக்கிவைத்திருந்த ஒன்றரை ஏக்கர் கரிசல் நிலத்தில், ஊர்க்காரர்கள் பதினோரு பேர் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடி, கூலி வாங்காமல், தங்களுக்கென்று ஒரு மிளகாய்கூட எடுத்துக்கொள்ளாமல், வெண்டையும் கத்தரியும் கொத்தவரையும் புடலையும் தண்டங்கீரையும், வரப்போரமாகப் பூசணியும் பயிரிட்டு, விளைந்ததை மஞ்சள் பைகளில் போட்டு, வேலை போன மில் காலனியின் முப்பத்து நான்கு வீடுகளுக்கும் கொடுத்துவந்தார்கள்.

கொடுத்தார்கள் என்றால் கையில் கொடுக்கவில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்குக் காலனியில் எல்லா வீட்டிலும் கதவைச் சாத்திவிடுவார்கள். பைகளை ஏற்றிய மூன்று சக்கர வண்டி வரும். ஒவ்வொரு கதவின் கொண்டியிலும் ஒரு பையை மாட்டிவிட்டு, தட்டாமல், கூப்பிடாமல், திரும்பிப் பார்க்காமல் போய்விடவேண்டும். வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டிய பிறகுதான் கதவுகள் திறக்கும். அடுத்த சனிக்கிழமை காலிப் பை, துவைத்து மடித்து, அதே கொண்டியில் தொங்கும். கொடுத்தவர் முகத்தை வாங்கியவர் பார்க்கவேண்டியதில்லை. வாங்கியவர் முகத்தைக் கொடுத்தவரும் பார்க்கவேண்டியதில்லை.

இந்த ஏற்பாடு கோமதிநாயகத்தினுடையது. எழுபத்தாறு வயதான ஓய்வுபெற்ற சர்வேயர். தோட்டத்தைத் தொடங்கியவரும் அவர்தான். இருபத்திரண்டு வயதில், ஒரு பஞ்ச காலத்தில், குழி தோண்டுகிறவர்களுக்குக் கோதுமை அளக்கிற இடத்தில் அவருக்கு முதல் வேலை. இத்தனை அடி நீளம், இத்தனை அடி ஆழம் தோண்டினால் இத்தனை படி கோதுமை. எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தியின் குழி ஒரு முழம் குறைந்தது என்று அவளுக்குக் கோதுமையையும் குறைத்தார்கள். அதைப் பார்த்த கண்ணால் இன்னொரு தடவை அப்படியொன்றைப் பார்க்கமாட்டேன் என்பார். ஆகவே தோட்டத்தின் முதல் விதியும் அவர் போட்டதுதான்: வாங்குகிறவர் கை இந்த மண்ணில் படக்கூடாது. சோற்றுக்காக யாரும் இங்கே குனியக்கூடாது.

அந்த வருடம் புரட்டாசி மூன்றாவது ஞாயிறு, முதல் மழை பெய்து நான்கு நாள் கழித்து, வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்த பதினோரு பேருக்கும் வயிறு நிறைந்தது.

ஜவுளிக்கடை தங்கப்பழம் நிமிர்ந்து நின்று இடுப்பு வாரை ஒரு துளை தளர்த்தினார். பிறகு ஏப்பம் விட்டார்.

“இன்னும் இட்லிப் பொட்டலத்தையே பிரிக்கலை, அதுக்குள்ள ஏப்பமா அண்ணாச்சி?” என்றாள் வங்கியில் வேலை பார்க்கும் கிளாடிஸ்.

“நேத்துக் கல்யாண வீட்டுல சாப்பிட்டது” என்றார் அவர். நெடுங்குளத்தில் புரட்டாசியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. அதைச் சொல்லிச் சிரிக்கக் கிளாடிஸ் வாயைத் திறந்தாள். அவளுக்கும் ஏப்பம்தான் வந்தது. அன்றைக்கு இட்லிப் பொட்டலங்களை மில் நாய்கள் தின்றன.

நான்கு வாரத்தில் எல்லாம் தெளிவாகிவிட்டது. தண்ணீர் பாய்ச்சினால் வயிறு நிறையாது. களை எடுத்தால் நிறையாது. விதை போட்டாலும் நிறையாது. காய் செடியை விட்டு வருகிற அந்த நொடியில், காம்பு ‘டக்’கென்று முறியும்போது, முறித்த கை யாருடையதோ அவருடைய வயிற்றில் போய் இறங்கியது. வெண்டைக்காய் என்றால் அரை இட்லி. கத்தரிக்காய்க்கு ஒரு தோசை. ஒரு பிடி கீரைக்கு ஒரு கிண்ணம் தயிர்சாதம். புடலங்காய் முழுச் சாப்பாடு. பூசணிக்காய் பாயசத்தோடு விருந்து. ஒரே காலையில் இரண்டு பூசணியைப் பறித்த தபால்காரர் மூன்று நாள் எழுந்திருக்காமல் படுத்திருந்தார். இது வெறும் நிறைவும் இல்லை. உடம்பில் ஒட்டியது. கன்னங்கள் பளபளத்தன. கிளாடிஸுக்கு ரத்தசோகை போய்விட்டதாக டாக்டரே சொன்னார்.

யாரும் இதைப் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறருக்கு உழைத்தால் மனசு நிறையும் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மனசு நிறையும்போது பக்கத்தில் இருக்கிற வயிறும் நிறைவதில் என்ன ஆச்சரியம் என்று நினைத்துக்கொண்டார்கள். தொண்டு செய்ய வருகிறவர்கள் பதினொன்றிலிருந்து நாற்பதாகி, தை மாதம் நூற்றுப்பன்னிரண்டு ஆனார்கள். சர்க்கரை நோயாளிகள் வந்தார்கள், ஏனென்றால் பறித்து நிறைகிற பூசணியில் சர்க்கரை ஏறவில்லை. விடுதிச் சாப்பாடு பிடிக்காத கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள். இருபது வருடம் அடுப்படியிலேயே நின்ற பெண்கள், அடுப்புக்கு ஒரு நாளாவது லீவு கொடுக்கலாம் என்று வந்து, பிறகு இரண்டு நாள், மூன்று நாள் என்று லீவை நீட்டினார்கள். ஞாயிறு போதாமல் புதனும் வெள்ளியும் சேர்ந்தன, பிறகு வாரம் முழுவதும். வரிசையில் நின்று, ஆளுக்கு எட்டு வெண்டைக்காய், அல்லது நாலு கத்தரிக்காய் என்று முறைவைத்துப் பறித்தார்கள். செடிகளும் சளைக்கவில்லை, பறிக்கப் பறிக்கக் காய்த்தன. இவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை, அதைச் சொல்லியாகவேண்டும். ஒரு காயைக்கூட யாரும் வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை. எல்லாம் மஞ்சள் பைக்குள் போய், எல்லாப் பையும் கொண்டிகளில் தொங்கியது.

கதவுக்கு அந்தப் பக்கம் நடந்தது என்ன என்பது, தோட்டத்தில் பவுன்தாய் ஒருத்திக்குத்தான் தெரியும்.

பவுன்தாய் முதல் பதினோரு பேரில் ஒருத்தி. காலனியின் இருபத்தோராவது வீடு. அவள் புருஷன் குருவையா மினிபஸ் கண்டக்டர். மில் மூடிய பிறகும் அந்த வீட்டில் சம்பளம் வந்தது, அதனால் அவள் கொடுக்கிறவர்கள் பக்கத்தில் இருந்தாள். இரண்டு வருடம் முன்னால் குருவையா பஸ் கூரையிலிருந்து வாழைத்தார் இறக்கும்போது கழுத்து முறிய விழுந்தான். உயிர் பிழைத்தது; தோளுக்குக் கீழே எதுவும் அசையவில்லை. “கழுத்துக்கு மேல பாசஞ்சர், கீழ பூரா லக்கேஜ்” என்று பார்க்க வருகிறவர்களிடம் அவனே சொல்லிச் சிரிப்பான். அடுத்த ஞாயிறு, அவர்கள் கேட்காமலேயே, இருபத்தோராவது கதவிலும் ஒரு பை தொங்கியது. மாட்டியது கோமதிநாயகம். விதிப்படி பவுன்தாய் அன்றோடு தோட்டத்துக்கு வருவதை நிறுத்தியிருக்கவேண்டும். அவள் நிறுத்தவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆக அவள் ஒருத்திதான் காலையில் பறித்து, மதியம் அதையே சமைத்து ஊட்டுகிறவள்.

“இன்னொரு வாய் வாங்கிக்கோங்க.”

“போடு. டிக்கெட் எடுத்தாச்சு. எறங்குற எடம் வர்ற வரைக்கும் போகவேண்டியதுதான்.”

ஒரு தட்டு முடிந்தது, இரண்டாவது முடிந்தது, பிறகு மூன்றாவதும். அவள் கை வலித்தது. சட்டியில் கரண்டி சுரண்டுகிற சத்தம் கேட்டதும் குருவையா முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“நெறஞ்சுதா?”

“மழையை மென்ன மாதிரி இருக்கு பவுனு. ருசியிருக்கு. தொண்டையில எறங்குது. அப்புறம் நடுவழியில எங்கயோ குதிச்சுப் போயிருது.” கொஞ்சம் பொறுத்து, “நீ சாப்பிடலியா?” என்று கேட்டான்.

“எனக்குப் பசிக்கல.”

அது உண்மையாக இருந்ததுதான் கொடுமை. குழம்பில் கிடந்த வெண்டைக்காயில் ஒன்று, கொக்கி மாதிரி வளைந்தது. அதைக் காலையில் தன் கையால் பறித்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. அது தன் வயிற்றில் அரை இட்லியாக இறங்கியதும் ஞாபகம் இருந்தது. ஒரு காய்க்குள் ஒரு பசியைத் தீர்க்கிற அளவுதான் இருக்கும். அது காலையிலேயே தீர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்தது நிறமும் மணமும் ருசியும்தான்.

அன்றுமுதல் அவள் பறிப்பதை விட்டுவிட்டு வாய்க்கால் வேலை மட்டும் பார்த்தாள். அதனால் ஒன்றும் மாறவில்லை. அவள் பறிக்காததை வேறொருவர் பறித்தார், அவர் வயிறு நிறைந்தது. முன்பெல்லாம் மாதம் முழுக்க வந்த ரேஷன் அரிசி இப்போது பத்தாம் தேதிக்கே தீர்ந்தது. பதினொன்றாம் தேதியிலிருந்து தோட்டத்துக் காய்தான். குருவையாவின் நெஞ்செலும்புகளை அவள் ஈரத்துணியால் துடைக்கும்போது ஒவ்வொன்றும் தனித்தனியாக அவள் விரலில் பட்டன.

மற்ற முப்பத்து மூன்று வீடுகளிலும் இதேதான். ஒவ்வொரு வீட்டாரும் தங்களுக்குத்தான் ஏதோ வியாதி என்று நினைத்தார்கள். பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுத்தார்கள். குலசாமிக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்தார்கள். ஒருத்தரும் வெளியே சொல்லவில்லை, ஏனென்றால் இத்தனை காயையும் தின்றுவிட்டு இன்னும் பசிக்கிறது என்று சொல்ல எந்த வாய்க்குத்தான் கூச்சமாக இருக்காது? டீக்கடையில் யாராவது விசாரித்தால், “வயித்துக்கு ஒண்ணும் குறையில்லீங்க” என்றார்கள், சட்டைக்குள் உடம்பு சுருங்கிக்கொண்டே போனது.

மாசி முதல் ஞாயிறு, தோட்டத்து வாகை மரத்தடியில் எல்லாரும் கூடியிருந்தபோது, அதுவரை ஒரு கூட்டத்திலும் பேசாத பவுன்தாய் எழுந்து, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும், சொன்னதில் ஒரு பாதியைத்தான் முதலில் அவர்கள் கேட்டார்கள்.

“நீ பை வாங்குறியாம்மா?” என்றார் தங்கப்பழம்.

“நான்தான் மாட்டுனேன். அதை விடுங்க” என்றார் கோமதிநாயகம்.

“இல்ல சார், நான் டீக்கடையில நேராவே கேட்டேன். வயித்துக்குக் குறையில்லைன்னுதான் சொல்றாங்க.”

“வேற என்ன அண்ணாச்சி சொல்லுவாங்க?” என்றாள் பவுன்தாய். “குடுக்குற மனுஷங்கிட்டயே, உம்ம கத்திரிக்காயில வெறும் தோலுதான்யா இருக்குன்னு சொல்லுவாங்களா? நீங்க உங்க மாமனார் வீட்டுல என்னைக்காச்சும் சாம்பார் நல்லால்லைன்னு சொல்லியிருக்கீங்களா?”

சிலர் சிரித்தார்கள். தங்கப்பழமும் சிரித்தார்.

“அவங்களே வந்து பறிச்சுக்கட்டுமே சார்” என்றாள் கிளாடிஸ். “வயிறு நெறஞ்சிருமே.”

கோமதிநாயகம் தலையை ஆட்டினார். “எம்பது வயசுக் கிழவி வெயில்ல குனிஞ்சு பறிச்சாத்தான் சாப்பாடுன்னு சொல்லச் சொல்றியா? இது அந்தக் கோதுமைக் குழிதான், பேரு வேற. அவங்க வாசலைத் தாண்டவே கூடாதுன்னுதானே இத்தனையும் செஞ்சோம்.”

“அவங்க பறிச்சா...” என்று தங்கப்பழம் தணிந்த குரலில் கேட்டார், “நாம என்ன செய்யறது?”

அங்கே இருந்த நூற்றுப்பன்னிரண்டு பேருடைய கேள்வியும் அதுதான். நெடுநேரம் பேசி, காலனிக்காரர்களின் மரியாதை கெடாமல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: இனிமேல் ஒவ்வொரு கதவிலும் இரண்டு பை மாட்டுவது. அதற்கு இன்னும் நிறையப் பேர் வந்து பறிக்கவேண்டியிருந்தது. வந்தார்கள், பறித்தார்கள், நிறைந்தார்கள். காலனியில் இரண்டு மடங்கு நறுக்கினார்கள், இரண்டு மடங்கு விறகு எரித்தார்கள், தாடை வலிக்க இரண்டு மடங்கு மென்றார்கள். ஆறாம் வீட்டுச் செல்லையா, ஐந்தாவது தட்டைக் காலிசெய்துவிட்டு, தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே போன புண்ணியவான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவரைத் தூக்க இரண்டு பேர் போதுமாக இருந்தது.

அந்தச் சாவுக்கு மறுநாள் பவுன்தாய் சர்வேயர் வீட்டுக்குப் போனாள்.

“ஐயா, நாளைக்கு மத்தியானம் நம்ம வீட்டுல சாப்பாடு. ஒரே ஒரு விஷயம். காலையில தோட்டத்துல எதையும் பறிக்காம வரணும்.”

கோமதிநாயகம் வந்தார். ஐந்து மாதமாகப் பறித்தே வயிறு நிறைந்த மனிதர், பசியோடு வந்து, குருவையாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார்.

“வாங்க சார், முன்னாடி ஏறி உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு” என்றான் குருவையா. பவுன்தாய் இருவருக்கும் கத்தரிக்காய்க் கூட்டு வைத்தாள். ஒருவருக்குத் தட்டில் வைத்தாள், மற்றவருக்கு ஊட்டினாள். கோமதிநாயகம் ஒரு தட்டு சாப்பிட்டு, இன்னொன்று கேட்டு, மூன்றாவதைக் கேட்கக் கூச்சப்பட்டு, பிறகு கேட்டே வாங்கினார். வெளியே பக்கத்து வீட்டு உச்சிமாகாளி அம்மியில் எதையோ அரைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நின்ற பிறகும் அவர் மென்றுகொண்டிருந்தார்.

“எப்படி சார் இருக்கு?” என்றான் குருவையா.

அவர் தட்டைப் பார்த்தபடி, “ருசியா இருக்கு” என்றார்.

“எங்களுக்கும் அதேதான் சார். ரொம்ப ருசியா இருக்கு.”

கை கழுவ எழுந்தவர் செம்போடு அப்படியே நின்றார். “அந்தக் குழி ஒரு முழம் குறையுதுன்னு எழுதுனது நான்தான்யா” என்றார். “அந்தப் பொம்பளைக்கு என்ன ஆச்சுன்னு நான் விசாரிக்கவே இல்ல. மூஞ்சியைப் பார்த்திரக்கூடாதுன்னே ஐம்பத்துநாலு வருஷம் ஓட்டிட்டேன்.” குருவையாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் புரிந்த மாதிரி கண்ணை மூடித் திறந்தான்.

அடுத்த ஞாயிறு கோமதிநாயகம் காலனிக்காரர்களை வரச்சொல்லி, தோட்டத்தின் கேட்டை இரண்டு பக்கமும் திறந்து வைத்தார். காலனிக்காரர்கள் பத்து மணிக்குக் கதவைச் சாத்தாமல், பழக்கமில்லாத இடத்துக்குப் போகிறவர்கள் போல ஒருவர் முந்தானையை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். முதலில் உள்ளே போனது உச்சிமாகாளி. ஒரு கத்தரிக்காயைப் பறித்தாள். நின்றாள். இன்னொன்றைப் பறித்தாள். பிறகு வரப்பில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாகை மரத்தடியில் நின்றவர்களைப் பார்த்துக் கத்தினாள்.

“அடப்பாவிகளா! இதையா இத்தனை மாசமா நீங்க தின்னீங்க? இதைத் தின்னுட்டா எங்க வீட்டுக் கதவுல சக்கையை மாட்டிட்டுப் போனீங்க?”

யாரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர்களுக்கு அழுகைகூட வந்தது. அவர்கள் ஒரு காயைக்கூடத் திருடியதில்லை.

அதற்குப் பிறகு பறிப்பது காலனிக்காரர்கள் என்று ஆயிற்று. எலும்பு தெரிந்த பிள்ளைகளுக்கு மறுபடி கன்னம் வந்தது. நடக்க முடியாத கிழவிகளை நாற்காலியோடு தூக்கிவந்து கீரைப் பாத்திக்கு நடுவில் வைத்தார்கள். நடுங்குகிற விரலாலும் ஒரு கீரைத்தண்டைக் கிள்ள முடிந்தது. கண் தெரியாத பத்தாம் வீட்டுக்காரர் தடவிப் பார்த்துப் பறித்தார். கடைசியில் முப்பத்து நான்கு வீட்டிலும் இன்னும் பசித்திருந்தது குருவையா ஒருவன்தான். யார் பறித்துக் கொடுத்தாலும் அவனுக்கு அது மழைதான்.

முன்பு பறித்துவந்த மரத்தடிக்காரர்களின் நிலைமை இதற்குள் மோசமாகியிருந்தது. அவர்களுடைய வீடுகளில் அடுப்பு பழக்கம் விட்டுப்போயிருந்தது. பற்றவைத்துச் சமைத்தாலும், செடியிலிருந்து நேராக வயிற்றுக்கு வந்து பழகியவர்களுக்கு வாயால் தின்பது பெரிய வேலையாக, உப்புச் சப்பில்லாததாக இருந்தது. பாதிப் பேர் வருவதை நிறுத்தினார்கள். மீதிப் பேர் வழக்கம்போலத் தண்ணீர் பாய்ச்சினார்கள், களை எடுத்தார்கள், பிறகு வரப்பில் வரிசையாக நின்று, காலனிக்காரர்களின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காம்பு முறிகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர்கள் எச்சில் விழுங்கினார்கள்.

குருவையாவின் முதுகில் இருந்த படுக்கைப்புண் கொஞ்சம் ஆறியதும், பங்குனிக் கடைசி ஞாயிறு, பவுன்தாய் இஸ்திரிக்காரரின் தள்ளுவண்டியைக் கேட்டு வாங்கி, மெத்தை விரித்து, குருவையாவுக்குத் தலைசீவி, அவனுடைய காக்கிச் சட்டையைப் போட்டுவிட்டு, தோட்டத்துக்குத் தள்ளிவந்தாள். அந்தச் சட்டைக்குள் இன்னொரு ஆள் இருக்க இடம் இருந்தது.

“ரெண்டு வருஷம் கழிச்சு மொத ட்ரிப்பு” என்றான் அவன். “மேடு பள்ளம் பார்த்து ஓட்டு டிரைவர். லக்கேஜ் ஒடையக்கூடாது.”

வெண்டைப் பாத்திக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, அவனுடைய வலது கையைத் தூக்கி, ஒரு பிஞ்சு வெண்டைக்காயைச் சுற்றி அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, மேலே தன் விரல்களை வைத்து அழுத்தி முறித்தாள். டக்கென்றது. அரை இட்லி அவள் வயிற்றில் போய் இறங்கியது.

“யாருக்கு?” என்று கேட்டான் குருவையா.

அவள் இன்னொரு தடவை, இன்னும் லேசாகப் பிடித்து முறித்தாள். பிறகு ஒற்றை விரலால் மட்டும் தாங்கினாள். ஒவ்வொரு தடவையும் நிறைந்தது அவள்தான்.

“கையை உசரத் தூக்கிட்டு விட்டுரு மதினி” என்றாள் உச்சிமாகாளி. “அது தானா விழுந்து முறிக்கட்டும்.” தூக்கி விட்டது உச்சிமாகாளி. கை விழுந்தது, காய் முறிந்தது, உச்சிமாகாளிதான் நிறைந்தாள். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“வாய் இருக்குல்ல” என்றான் குருவையா. “ஆடு என்ன கையாலயா பறிக்குது? யாராச்சும் தூக்கிப் பிடிங்கய்யா.”

தங்கப்பழமும் தபால்காரரும் வந்து, ஆளுக்கொரு பக்கம் தோளைப் பிடித்துத் தூக்கி, அவன் முகத்தைச் செடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்கள். குருவையா கழுத்தை நீட்டி, பல்லால் காம்பைக் கவ்வி, ஒரு வெட்டு வெட்டி இழுத்தான். காய் அவன் வாயோடு வந்தது. தோட்டம் முழுவதும் மூச்சுவிடாமல் பார்த்தது. அவன் கண்ணை மூடி, வயிற்றுக்குள் ஏதாவது வருகிறதா என்று காத்திருந்தான்.

தங்கப்பழத்தின் முகம் மெல்லத் தெளிந்தது. தபால்காரரின் முகமும் தெளிந்தது. தூக்கிப் பிடித்தவர்களுக்கு ஆளுக்குப் பாதியாகப் பிரிந்து இறங்கியிருந்தது. கொஞ்சம்தான், ஆனால் அவர்களுக்கு அது கிடைத்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது.

“இல்லியே” என்றான் குருவையா. “இன்னொண்ணு பார்ப்போம். பெருசாப் பார்த்துப் புடிங்க.”

அவர்கள் பிடித்தார்கள். அவன் கடித்தான். மூன்றாவது காய்க்குப் பிறகு வரப்பிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். “உங்களுக்குக் கை வலிக்கும் அண்ணாச்சி. நான் கொஞ்ச நேரம் பிடிக்கேன்.” அவருக்குப் பின்னால் இன்னொருவர். பிறகு கிளாடிஸ். யாரும் தள்ளவில்லை, யாரும் முந்தவில்லை. இத்தனை மாதம் வரிசையில் நின்று பழகியவர்கள், இப்போதும் ஒருவர்பின் ஒருவராக, ஒழுங்காக நின்றார்கள். அவர்கள் குருவையாவை மெதுவாகத்தான் பிடித்தார்கள், குழந்தையைப் பிடிப்பதுபோல. புண்ணில் கை படாமல் பார்த்துக்கொண்டார்கள். உதட்டில் சுணை குத்தியபோது துண்டால் துடைத்துவிட்டார்கள். அவன் அடுத்ததில் வரும், அடுத்ததில் வரும் என்று கடித்துக்கொண்டே இருந்தான். பதினைந்தாவது காய்க்குமேல் பல் ஈறிலிருந்து ரத்தம் வந்து வெண்டைக்காயில் பட்டிருந்தது.

“போதும். எறக்குங்க” என்றாள் பவுன்தாய்.

யாரும் இறக்கவில்லை. கண்ணை மூடியபடி அவனைத் தாங்கி நின்ற கிளாடிஸுக்கு அவள் சொன்னது கேட்கவில்லை. பவுன்தாய் வரிசையைப் பார்த்தாள். அதன் கடைசியில், குழிந்த வயிற்றின்மேல் கையைக் கட்டிக்கொண்டு, கோமதிநாயகம் நின்றிருந்தார். அவள் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். வரிசையை விட்டு விலகவில்லை.

அவள் போய்க் கிளாடிஸின் விரல்களைப் பிரித்து எடுத்தாள். குருவையாவைத் தன் மார்போடு சேர்த்து வாங்கி, வண்டியில் படுக்கவைத்தாள். பிடித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து அவனிடம் நன்றி சொன்னார்கள், முறை கிடைக்காதவர்கள் தள்ளியே நின்றார்கள். தங்கப்பழம் மட்டும் கேட் வரைக்கும் கூடவே வந்தார்.

“அடுத்த ஞாயிறும் கூட்டிட்டு வருவியாம்மா?” என்று கேட்டார்.  அவர் தன்னையே வெறுத்துக்கொண்டுதான் கேட்டார். ஆனாலும் கேட்டார்.

பவுன்தாய் வண்டியைத் தள்ளினாள். காலனிக்குப் போகிற பாதை மில் சுவரோரமாக மேடேறிப் போகும். குருவையா வானத்தைப் பார்த்தபடி படுத்திருந்தான். வாயோரத்தில் வெண்டைக்காயின் வழவழப்பு காய்ந்துகொண்டிருந்தது. அவள் வயிறு நிறைந்திருந்தது. கைகளில் அத்தனை பலம் இருந்தது. ஒரு தடவைகூட நிற்காமல், மூச்சு வாங்காமல், மேட்டை ஏறிவிட்டாள். வண்டி கனக்கவே இல்லை.